மன்னரின் திக்கல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டனின் ஆறாம் ஜார்ஜ் மன்னரைப் பற்றிய திரைப்படத்தை அண்மையில் பார்த்தேன். அரியணையை விரும்பாத ஒருவர் போர்க்கால வானொலி உரையைப் பேசி முடிக்கும் காட்சியில் கண் கலங்கியது. ஆனால் ஒரு பயிற்சியாளரின் நட்பு மட்டுமே சிறுவயது முதல் இருந்த திக்கலைப் போக்கிவிடுமா? உண்மையில் நடந்தது என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் ஐயம் நியாயமானது. பயிற்சியாளர் லயனல் லோக் மன்னரை முதலில் சந்தித்தது 1926 அக்டோபரில், லண்டன் ஹார்லி தெருவில். அப்போது அவர் யார்க் கோமகன். பட்டத்துக்கு உரியவர் அவருடைய அண்ணன். முந்தைய ஆண்டு லண்டன் வெம்ப்ளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சியின் நிறைவுரையில் பட்ட அவமானமும், 1927இல் ஆஸ்திரேலியாவின் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறந்துவைத்துப் பேசவேண்டிய கட்டாயமும் சேர்ந்து அவரை அங்கே கொண்டுவந்தன.

லோக் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். அடிலெய்டில் பிறந்து, முதல் உலகப் போரில் பேச்சு பாதிக்கப்பட்டுத் திரும்பிய வீரர்களுக்குப் பெர்த் நகரில் பயிற்சியளித்துத் தொழில் கற்றவர். அடிவயிற்றிலிருந்து மூச்செடுப்பது, திறந்த சன்னலருகே நின்று உயிரொலிகளை உரக்க நீட்டுவது என்று அவர் தந்தவை சலிப்பூட்டும் அன்றாடப் பயிற்சிகள். கோமகன் அவற்றை விடாமல் செய்தார் என்பதே எனக்கு வியப்பு. 1927 மே 9 அன்று கான்பராவில் அவர் தடையின்றிப் பேசினார். அதாவது, பெரும்பாலான மாற்றம் அவர் முடிசூடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நிகழ்ந்துவிட்டது. அதைத் திரைக்கதை பிந்தைய காலத்துக்கு நகர்த்திக்கொண்டது. நாடகத்துக்கு அது தேவைதான்.

திக்கல் முற்றாகப் போய்விடவும் இல்லை. நீங்கள் குறிப்பிடும் 1939 செப்டம்பர் 3 போர்க்கால உரையின் ஒலிப்பதிவைக் கேட்டால், சொற்களுக்கிடையே நீளும் இடைவெளிகள் இன்றும் காதில் விழும். உரைத்தாளில் நிறுத்தவேண்டிய இடங்களில் லோக் கோடிட்டு, நாக்கு சிக்கக்கூடிய சொற்களை மாற்றித் தந்தார். மன்னர் மேசையருகே அமர்ந்திருப்பதாக வெளியான புகைப்படத்தை நம்பவேண்டாம். நின்றால்தான் மூச்சு சீராக வரும் என்பதால் நின்றபடியே பேசினார்.

நட்பு இருந்தது, ஆனால் திரைப்படம் காட்டும் அளவு உரிமை கொண்டாடும் நட்பாக எனக்குத் தோன்றவில்லை. லோக்கின் கடிதங்களில் அரண்மனை மரியாதை கடைசிவரை குறையவில்லை. மன்னர் தம் கிறிஸ்துமஸ் வானொலி உரையை லோக் அருகில் இல்லாமல் முதன்முறையாகப் பேசியது 1944இல்தான். பயிற்சி தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.