ஸ்டார் கட்டாத வீடு

அண்ணாச்சிக்கு வணக்கம்,

எனக்கு நாசரேத் பக்கத்துல ஒரு கிராமம், இப்ப ஓசூர்ல வேலை பாக்கேன். பேர் போட்ராதீங்க, எங்க சபைல பாதிப்பேரு உங்க சைட்டை படிக்காங்க. ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்டு, ஸ்ரீரங்கத்துக்காரன், மார்கழி பொறந்துட்டா தினம் ஒரு திருப்பாவை பாட்டு சொல்லாம காபி குடிக்க மாட்டான். போன வாரம் சும்மா பேச்சுவாக்குல கேட்டான், "உங்களுக்கும் இந்த மாசந்தான விசேஷம், மனசுக்குள்ள ஏதாச்சும் ஓடுமாடா"ன்னு. எனக்கு பதில் வரல அண்ணாச்சி. நவம்பர்லயே இங்க மால்ல கிறிஸ்மஸ் மரம் வச்சாச்சு, ஆபீஸ்ல சீக்ரெட் சாண்டா, வீட்டு குரூப்ல தினம் அம்பது ஃபார்வர்டு, 25ஆம் தேதி விடியக்காலம் ஆராதனைல புதுச்சட்டை கழுத்த உறுத்த தூங்கி வழிஞ்சிட்டு நிப்பேன், அவ்ளோதான். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். பண்டிகை வந்தா மனசு ஆண்டவர் பக்கம் திரும்பணும்னு பிரசங்கத்துல சொல்றாங்க, உங்களுக்கு உண்மையிலேயே திரும்புதா? இல்ல எனக்குத்தான் விசுவாசம் கம்மியா? இந்த வருஷம் ஆகஸ்ட்ல எங்க ஆச்சி தவறிட்டாங்க, அதனால வீட்ல பண்டிகை கிடையாது, அம்மாவும் "வந்து என்னல செய்யப்போற, லீவ மிச்சம் வையி"ன்னுட்டாங்க, டிக்கெட்ட கேன்சல் பண்ணிரலாம்னு இருக்கேன். நேரம் கெடச்சா எழுதுங்க.

ஓசூர் தம்பி

தம்பிக்கு,

மொதல்ல பதில சொல்லிர்றேன், பொறவு கதை பேசலாம். இல்லப்பா, எனக்கும் திரும்புறதில்ல. டிசம்பர்னா எனக்கு மொதல்ல வர்றது எண்ணெய் வாசனைதான். முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, இதெல்லாம் டின்னு டின்னா சுட்டு யார் யார் வீட்டுக்கு எத்தனைன்னு கணக்கு போட்டு குடுத்து விடணும், கொறஞ்சா ஒரு வருஷத்துக்கு பேச்சு வரும். எங்கம்மா ஒரு கிறிஸ்மஸ் ஆராதனையாவது முழுசா கேட்டிருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம், பாதி பிரசங்கத்துலயே வீட்ல கறி வேவுச்சா அடிப்பிடிச்சான்னு முகத்துல ஓட ஆரம்பிச்சிரும். நீ தூக்கத்துல நின்னதுக்கு விசுவாசம் கம்மின்னா அவங்கள என்ன சொல்றது? அவங்க அளவுக்கு ஜெபம் பண்ற ஆள நான் பாத்ததில்ல, ஆனா அது வேற நாள்ல, பாத்திரம் தேய்க்கும்போது, சாதாரண செவ்வாக்கிழமைல. வருஷா வருஷம் டிசம்பர் 25, காலைல நாலரைக்கு கரெக்டா மனசு உருகுதுன்னு ஒருத்தன் சொன்னாத்தான் எனக்கு பயமா இருக்கும்.

ஆனா இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, இந்த சீசனை வச்சவங்க யோசிக்கிறதுக்குன்னுதான் வச்சாங்க. கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயித்துக்கிழமை, அட்வெந்து, நீ கவனிச்சிருப்ப, பீடத்துல ஊதா துணி போட்டிருப்பாங்க. அதே துணிதான் ஈஸ்டருக்கு முந்தி வர்ற லெந்து, அதான் தவக்காலம், அப்பவும். ஊதான்னா துக்கம், மனந்திரும்புறது, பொறுத்திருக்கறது, கல்யாணக் கலர் இல்ல. பழைய காலத்துல ஐரோப்பாவுல நவம்பர் 11 மார்ட்டின் திருநாள்ல இருந்து கிறிஸ்மஸ் வரைக்கும் உபவாசமே இருந்திருக்காங்க. ஏன் அவ்ளோ தூரம், இங்க செங்கோட்டை தாண்டுனா கேரளாவுல சிரியன் கிறிஸ்தவங்க இன்னைக்கும் டிசம்பர் 1ல இருந்து 25 நோம்பு பிடிக்கிறாங்க, கறி மீன் தொடறதில்ல, நோம்பு விட்டாத்தான் அவங்களுக்கு பண்டிகை. நாம என்ன பண்ணோம், அந்த நாலு வாரத்தையும் கேரல் ரவுண்ட்ஸ், சண்டே ஸ்கூல் நாடக ஒத்திகை, வாலிபர் சங்கத்து பட்ஜெட் சண்டை, அப்புறம் இப்ப உன் சீக்ரெட் சாண்டா எல்லாத்தையும் போட்டு ரொப்பிட்டோம். ஊதா துணி மட்டும் பாவம் பீடத்துல தொங்குது. 25ஆம் தேதி வரும்போது எல்லாருக்கும் தொண்டை கட்டியிருக்கும், யோசிக்க ஆள் எங்க இருக்கு.

அதுக்காக கொண்டாட்டத்த நிறுத்திட்டா யோசனை வந்துரும்னு நெனைக்காத. அதையும் பண்ணிப் பாத்துட்டாங்க. இங்கிலாந்துல பியூரிட்டன்னு சொல்ற கறாரான புராட்டஸ்டண்ட் ஆளுங்க கை ஓங்குனப்ப 1647ல பார்லிமெண்ட்டே கிறிஸ்மஸ் வேண்டாம்னு தூக்கிருச்சு. கடல் தாண்டி மாசசூசெட்ஸ்ல 1659ல சட்டம், அன்னைக்கு வேலைக்கு போகாம விருந்து கிருந்துன்னு இருந்தா அஞ்சு ஷில்லிங் அபராதம், 1681 வரைக்கும் அது இருந்துச்சு. அவங்க சொன்ன காரணம் ஒன்னும் முட்டாள்தனம் இல்ல, வேதத்துல இந்த தேதியே இல்ல, குடியும் கூத்துமா ஆயிப்போச்சு, இதுல பக்தி எங்கன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி, மோசமான வைத்தியம். அபராதம் போட்டு யாரையாவது சிந்திக்க வைக்க முடியுமா? இங்கிலாந்து ஜனங்க கலகம்தான் பண்ணாங்க, காண்டர்பரில அடிதடியே ஆச்சு.

இயேசு பொறந்த கதை வர்ற லூக்கா ரெண்டாம் அதிகாரத்த எத்தனை தடவை கேட்டிருப்ப, நானும் அப்படித்தான், மனப்பாடம். அதுல ஒரு சின்ன விஷயம் பாரு. மேய்ப்பர்கள் ஓடி வர்றாங்க, பாத்தத எல்லார்கிட்டயும் சொல்றாங்க, கேட்டவங்க ஆச்சரியப்படுறாங்க, திரும்ப மந்தைக்கு போயிடறாங்க. நடுவுல ஒரே ஒரு வசனம், "மரியாளோ அந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்து, சிந்தனைபண்ணினாள்." மொத கிறிஸ்மஸ்லயே யோசிச்சது அந்த ஒரு ஆளுதான். மத்தவங்க மேல அங்க யாரும் குறை சொல்லவும் இல்ல. மேய்ப்பன் ஓடி வந்தான், சந்தோஷப்பட்டான், போயிட்டான், அவன் செய்ய வேண்டியத செஞ்சுட்டான். நீயும் நானும் பெரும்பாலும் மேய்ப்பன் பார்ட்டிதான் தம்பி.

பெரும்பாலும்னு ஏன் சொல்றேன்னா, ரெண்டு தடவை எனக்கு வேற மாதிரி ஆயிருக்கு.

ஒன்னு 93ஓ 94ஓ, நான் வாலிபர் சங்கத்துல இருந்தப்ப. கேரல் ரவுண்ட்ஸ்னா தெரியும்ல, டிராக்டர்ல டியூப்லைட்டு, கிறிஸ்மஸ் தாத்தா வேஷம், ட்ரம், உண்டியல் டப்பா, ராத்திரி பத்துக்கு ஆரம்பிச்சு மூணு மணி ஆனாலும் முடியாது. அந்த வருஷம் சாவு விழுந்த வீடு எங்களுக்கு பாத்தாலே தெரியும், ஸ்டார் கட்டியிருக்க மாட்டாங்க, அந்த வீட்டு முன்னால ட்ரம்ம நிறுத்திட்டு சத்தமில்லாம தாண்டிப் போயிருவோம், அது சொல்லிக் குடுக்காத பழக்கம். ஒரு வீடு, பெரியவர் ஒருத்தர், அக்டோபர்ல சம்சாரம் போயிட்டாங்க. நாங்க தாண்டும்போது இருட்டுல டார்ச் அடிச்சுட்டு வெளிய வந்து நின்னார். "ஏன்டே, எங்க வீட்டுக்கு இந்த வருஷம் ஆண்டவர் பொறக்கலையா"ன்னார். கோவமா கேக்கல, அதான் கஷ்டமே. நாங்க முழிச்சோம். ட்ரம் வேண்டாம், மெதுவா ஒன்னு பாடுங்கன்னார். பாடுனோம், தாத்தா வேஷம் போட்டவன் முகமூடிய கழட்டி கக்கத்துல வச்சிக்கிட்டான். முடிஞ்சதும் வருஷா வருஷம் போடுற மாதிரியே டப்பால பத்து ரூவா போட்டுட்டு உள்ள போயிட்டார். அடுத்த ரெண்டு தெருவுக்கு எவனும் வாயத் தொறக்கல. மூணாவது தெருவுல எவனோ ட்ரம்ம தட்டுனான், பழையபடி ஆரம்பிச்சுட்டோம், பதினெட்டு இருபது வயசு பயலுவ வேற என்ன பண்ணுவானுவ. ஆனா அந்தக் கேள்வி போகல. நான் பொறந்ததுல இருந்து கோயிலுக்கு போறவன், அவர் பொறந்ததா சொல்றோமே, யார் வீட்டுக்கு பொறந்தார், சிரிக்கிற வீட்டுக்கா அழுற வீட்டுக்கான்னு அது வரைக்கும் எனக்கு தோணுனதே இல்ல.

ரெண்டாவது 2023. உனக்கே தெரியும், நீ அப்ப ஊர்ல இருந்தியோ என்னமோ. டிசம்பர் 17 ஞாயித்துக்கிழமை பேய ஆரம்பிச்ச மழை, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் நூத்துக்கணக்கான பேரோட நடுவுல நின்னுபோச்சு, ஏரல் பக்கம் எல்லாம் ஆறு எது ரோடு எதுன்னு தெரியல. என் தங்கச்சி வீடு அந்தப் பக்கம்தான், ரெண்டு நாளா போன் கிடையாது. பண்டிகைக்கு எட்டு நாள் இருக்கு. கேரல் நின்னுருச்சு, வாலிபர் சங்கத்து காசு அரிசி, பாய், மெழுகுவர்த்தின்னு போச்சு. பலகாரத்துக்கு வாங்கி வச்ச மாவும் வெல்லமும் ஈரத்துல நாறிப்போச்சுன்னு தங்கச்சி சிரிச்சிட்டே சொன்னா, அவ அழுதிருந்தா பரவால்ல. செய்துங்கநல்லூர்ல பள்ளிவாசல்ல இந்து குடும்பங்கள தங்க வச்சு நாலு நாள் சோறு போட்டாங்கன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. 25ஆம் தேதி திங்கக்கிழமை விடியக்காலம், தங்கச்சி ஊர் கோயில்ல போய் நின்னேன். பெஞ்சுக்கு கீழ எல்லாம் சேத்து வாடை, பாதிப்பேருக்கு புதுத்துணி இல்ல. எப்பவும் வாசிக்கிற அதே பகுதிதான், சத்திரத்துல அவங்களுக்கு இடமில்லைன்னு வந்ததும் எனக்கு முன்னால நின்ன ஒரு அம்மா தோளு குலுங்குது. நானும் அந்த வரிய அன்னைக்குத்தான் மொத மொதல்ல கேட்டேன். நாப்பது வருஷமா காதுல விழுந்துட்டுதான் இருந்துச்சு.

அப்ப வெள்ளம் வந்தாத்தான், சாவு வந்தாத்தான் யோசனை வருமான்னு நீ கேப்ப. அப்படி சொல்ல மாட்டேன், அது கொடூரமான பேச்சு, சில பிரசங்கிமார் அதத்தான் பண்றாங்க, எனக்கு பிடிக்காது. நான் பாத்த வரைக்கும், வருஷா வருஷம் அதே பாட்டு அதே வசனம்னு கேட்டு கேட்டு ஒரு ஓரமா கெடக்குதுல்ல, அது ஒரு நாள் எடுத்துக்கிட ஆவுது. அந்த அம்மாவுக்கு அந்த வரி தெரியாம இருந்திருந்தா அன்னைக்கு அது அவங்க மேல விழுந்திருக்காது. அதனால நீ தூங்கிக்கிட்டே நின்ன வருஷமெல்லாம் வீண்னு நான் நெனைக்கல. உன் ஸ்ரீரங்கத்து ஃப்ரெண்டு கிட்டயும் கேட்டுப் பாரு, முப்பது பாட்டும் முப்பது நாளும் அவனுக்கு உருகுதான்னு. பாதி நாள் வாய்தான் சொல்லியிருக்கும். (எங்க ஊர்ல சின்ன வயசுல பெருமாள் கோயில் பஜனையும் எங்க விடியக்கால பஜனையும் ஒரே முக்குல எதிரும் புதிருமா வரும், ஒருத்தருக்கொருத்தர் நின்னு வழி விட்டுட்டு போவாங்க, ரெண்டு பக்கமும் பின்னாடி வர்ற பசங்க கொட்டாவி விட்டுட்டுதான் வருவோம்.)

இன்னொரு விஷயம், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. அதுக்குத்தான் நம்ம கோயில்ல வருஷத்துலயே அதிக கூட்டம், வெளிய சேர் போடணும். வருஷக் கடைசி ராத்திரி முழிச்சிருந்து ஜெபிக்கிற பழக்கம் மொராவியன்னு ஐரோப்பாவுல இருந்த ஒரு புராட்டஸ்டண்ட் சபைல இருந்து, மெதடிஸ்ட் சபைக்கு வித்து போட்ட வெஸ்லி எடுத்துக்கிட்டது, அப்புறம் 1755ல உடன்படிக்கை ஆராதனைன்னு ஒன்னு அவர் ஆரம்பிச்சார், நான் இனி எனக்கு சொந்தமில்ல, என்னை எங்க வேணா வை, எதுக்கு வேணா வை, இல்ல சும்மா ஓரமா போடுன்னு ஒப்புக்குடுக்கிற மாதிரி. மெதடிஸ்ட் சபையும் சேந்துதான 1947ல சிஎஸ்ஐ, அதான் தென்னிந்திய திருச்சபை, ஆச்சு, நம்ம ஆராதனை புஸ்தகத்துலயும் அது இருக்கு. ஆனா நம்ம ஜனத்துக்கு முக்கியம் அது இல்ல, வாக்குத்தத்த அட்டை, வர்ற வருஷத்துக்குன்னு ஆளுக்கு ஒன்னா எடுக்கிற வேத வசன அட்டை. எங்க சித்தி ஒருத்தங்க, ஒரு வருஷம் எடுத்த அட்டைல உபத்திரவம்னு ஒரு வார்த்தை வந்துருச்சு, நைசா உள்ள வச்சுட்டு வேற ஒன்னு எடுத்துட்டாங்க, நான் பாத்துட்டேன், கண்ணாலயே மெரட்டுனாங்க. கடவுளப் பத்தி யோசிக்கிறோம்னு நாம நெனைக்கிறதுல பாதி அடுத்த வருஷத்த பத்தின பயம்தான். பயம் தப்புன்னு சொல்லல, சித்திக்கு அந்த வருஷம் ஆபரேஷன் இருந்துச்சு. ஆனா அதையும் இதையும் ஒன்னா போட்டு குழப்பிக்கிட வேண்டாம்.

இப்ப உன் லெட்டரோட கடைசிக்கு வர்றேன். நீ பெரிய கேள்விய மேல கேட்டுட்டு ஆச்சி விஷயத்த டிக்கெட்டு கேன்சல் பண்றதுக்கு காரணமா கீழ போட்டிருக்க. எனக்கு அதுதான் லெட்டர். பண்டிகை இல்லாத வீட்டுக்கு எதுக்கு போறதுன்னு நீ நெனைக்க, அம்மாவும் உனக்கு சிரமம் வேண்டாம்னுதான் அப்படி சொல்லுதாங்க, வராதன்னு சொல்லல. இந்த வருஷம் உங்க வீட்ல அடுப்பு மூட்ட வேண்டாம், டின்னு கணக்கு வேண்டாம், சொந்தக்காரங்க அவங்கவங்க வீட்டு பலகாரத்த கொண்டாந்து வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டு போவாங்க. உங்க அம்மா ஒரு வேளை இந்த வருஷந்தான் ஆராதனைய முழுசா கேப்பாங்க. பக்கத்துல நீ நின்னா நல்லது, தூங்கிட்டே நின்னாலும் சரி.

டிக்கெட்ட கேன்சல் பண்ணாத. 23ஆம் தேதிக்குள்ள வந்துரு. ராத்திரி கேரல் பயலுவ உங்க தெருவுக்கு வருவானுவ, உங்க வீடு வந்ததும் ட்ரம்ம நிறுத்திட்டு தாண்டப் பாப்பானுவ. அம்மாவயும் கூப்பிட்டுக்கிட்டு அந்த நேரம் வாசல்ல வந்து நில்லு. டப்பால போட பத்து ரூவா கையில வச்சிக்க.

அண்ணாச்சி