அட்டாமிக் செஸ் நிரல் எழுதும் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

மதிப்புக்குரிய ஐயா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குடும்பத்துடன் வந்தபோது, பிளஸ் டூ படிக்கும் மகள் நான்கு மாதங்களாக யாரும் விளையாடாத ஏதோ ஒரு செஸ்ஸுக்கு நிரல் எழுதிப் பொழுதை வீணாக்குகிறாள் என்று வருந்தினீர்கள். அவளுடைய பெரியப்பா பார்த்து வைத்திருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தில், நிர்வாக ஒதுக்கீட்டில் செயற்கை நுண்ணறிவுப் பி.டெக். இடத்துக்கு முன்பணம் கட்டிவிடலாமா என்றும் கேட்டீர்கள். அன்று நான் ஆறுதல் மட்டுமே சொல்லி அனுப்பினேன். அது போதாது என்பதால் இதை எழுதுகிறேன். அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு 22 லட்சம் ஆகும், நிலத்தின் பேரில் கடன் வாங்கிக்கொள்வேன் என்றீர்கள். 10 விழுக்காடு வட்டியில் 10 ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 29,000 ரூபாய். படிக்கும் காலத்தில் சேரும் வட்டி இதில் அடங்கவில்லை. இந்தச் சுமையோடு பட்டம் பெறும் பெண், கிடைக்கும் முதல் வேலையைப் பிடித்துக்கொண்டு அதை விடமுடியாமல் இருப்பாளே தவிர, தனக்குப் பிடித்ததைத் தேடிப் போக முடியாது. பட்டத்தின் பெயரில் 'செயற்கை நுண்ணறிவு' என்று இருப்பதற்கு இந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

நீங்கள் தேநீர் அருந்தச் சென்றிருந்தபோது அவள் தன் நிரலை எனக்குக் காட்டினாள். செஸ்ஸின் ஒரு மாற்று வகையான அட்டாமிக் செஸ்ஸில் ஒரு காயை வெட்டினால் வெட்டிய காயும் வெட்டுப்பட்ட காயும் போவதோடு, அந்தக் கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் சிப்பாய்கள் தவிர்த்த எல்லாக் காய்களும் வெடித்துப் போகும். ஆகவே ராஜா எதையும் வெட்ட முடியாது. இரண்டு ராஜாக்களும் அடுத்தடுத்த கட்டங்களில் நின்றால் 'செக்' என்பதே செல்லாது. இத்தகைய விதிகளை நிரலாக்கினால் அவை சரியாக அமைந்தனவா என்று எப்படி அறிவது? தொடக்க நிலையிலிருந்து சாத்தியமான எல்லா நகர்வுகளையும் படிப்படியாக எண்ணி, ஏற்கெனவே தெரிந்த சரியான எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சாதாரண செஸ்ஸில் அது 20, 400, 8,902, 1,97,281 என்று போகும். அட்டாமிக்கில் முதல் மூன்று எண்கள் அவையே, நான்காவதில் வேறுபடும். உங்கள் மகளின் நிரலில் தொடக்க நிலையின் எண்கள் சரியாக வந்தும், அவள் தேர்ந்தெடுத்த ஓர் இடைநிலை அமைப்பில் கணக்கு இடித்திருக்கிறது. மூன்று வாரம் தேடி, மூலையில் வெடித்துப்போன யானையுடன் ராஜா காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) செய்ய நிரல் இன்னும் அனுமதித்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறாள். யாரும் சொல்லாமல், மதிப்பெண் கிடைக்காது என்று தெரிந்தும், ஒரு சிறு எண் வேறுபாட்டை மூன்று வாரம் விடாமல் துரத்திய பெண்ணைப் பொழுதை வீணாக்குகிறாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு மேல்தான் கணிதம் தொடங்குகிறது. சிறந்த நகர்வைக் கண்டறிய 10 லட்சம் இறுதி நிலைகளைப் பார்க்க வேண்டிய ஒரு தேடலை, நல்ல நகர்வுகளை முதலில் ஆராயும் வரிசை மிகச் சிறப்பாக அமைந்தால், முடிவை மாற்றாத கிளைகளைப் பார்க்காமலே விட்டுவிடும் ஆல்ஃபா-பீட்டா முறை ஏறத்தாழ 2,000 நிலைகளுக்குக் குறைத்துவிடும். அது ஏன் என்பதை அவள் நிறுவிக் காட்ட முயன்றுகொண்டிருக்கிறாள். வெட்டிய காயே மறைந்துவிடுவதால், அதே கட்டத்தில் திருப்பி வெட்டும் தொடர்களைக் கணக்கிடும் வழக்கமான முறை இங்கே உதவாது; மாற்று முறையை அவளே யோசிக்க வேண்டியிருக்கிறது.

யாரும் விளையாடாத ஆட்டத்தால் என்ன பயன் என்று பெரியப்பா கேட்டார். ஓர் ஆட்டத்துக்காக யோசித்தது வேறோர் ஆட்டத்துக்கும் உதவும். 2018-இல் ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யு நாசு என்பவர் உருவாக்கிய நரம்பு வலையமைப்பு முறையைத்தான், 2020-இல் உலகின் வலுவான செஸ் நிரல்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ் ஏற்றுக்கொண்டு மேலும் வலுப்பெற்றது. ஆனால் அட்டாமிக் செஸ் நிரலுக்காக எவரும் வேலை தரமாட்டார்கள் என்பதையும் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த நிரலை எழுத வைத்த மனப்பாங்குக்கு வேலை உண்டு. அதை வளர்க்கும் படிப்பைத்தான் தேட வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வையும் ஜேஇஇ-யையும் பற்றி உங்கள் உறவினர்கள் போதுமான அளவு பேசிவிட்டார்கள். அவர்களில் ஒருவரும் சொல்லாத இடம், சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம். கணித அறிஞர் சி. எஸ். சேஷாத்ரியின் முயற்சியால் 1989-இல் தொடங்கிய அந்நிறுவனத்தில் கணிதமும் கணினி அறிவியலும் இணைந்த மூன்றாண்டு பி.எஸ்சி. ஹானர்ஸ் படிப்பு இருக்கிறது. கழகம் நடத்தும் தனி எழுத்துத் தேர்வு வழக்கமாக மே மாதத்தில் வரும். அதற்குப் பள்ளிக் கணிதமே அடிப்படை என்றாலும், விடையைத் தேர்ந்தெடுப்பதோடு நிற்காமல், காரணத்தைப் படிப்படியாக எழுதி நிறுவும் கேள்விகளும் இருக்கும்; சூத்திர மனப்பாடம் அங்கே கைகொடுக்காது, மூன்று வாரம் பிழை தேடிய பொறுமை கைகொடுக்கும். கழகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற பேராசிரியர் மாதவன் முகுந்த், பைத்தான் மொழியில் தரவுக் கட்டமைப்புகளையும் படிமுறைகளையும் கற்பிக்கும் பாடங்கள் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைக் கேட்டுப் பார்த்தால் அந்தப் படிப்பு தனக்கு ஒத்துவருமா என்பதை அவளே முடிவு செய்துகொள்வாள். கட்டணச் சலுகைகளும் உதவித்தொகையும் பற்றி நடப்பாண்டு அறிவிப்பில் படித்த பிறகே விண்ணப்பியுங்கள்.

தேர்வு கடினம், இடங்களும் குறைவு. கிடைக்காவிட்டால் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்தில் சேருங்கள், நிலத்தைத் தொடாமல் முடிக்கலாம், முதுகலைக்கு இதே கழகத்தை மீண்டும் முயலலாம். அந்த மூன்று ஆண்டுகளில், செஸ் வகைகள் பலவற்றை ஆடும் திறந்த மூல நிரலான ஃபேரி ஸ்டாக்ஃபிஷ்ஷின் மூல நிரலைப் படித்து, திருத்தங்கள் அனுப்பப் பழகினால், அவள் வேலையை உலகில் எவரும் திறந்து பார்க்கலாம்.

தேர்வு முடியும்வரை நிரலுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று அவளிடம் பேசி ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். மடிக்கணினியைப் பூட்டி வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்லிப் பெரியப்பா அழைத்தால், மகளின் விருப்பம் வேறு என்று நீங்களே சொல்லிவிடுங்கள்; அந்தப் பொறுப்பை அவள் மேல் போடாதீர்கள். அடுத்த முறை அவளைத் தனியாக என்னுடன் பேச அனுப்புங்கள், நிறுவும் கேள்விகளை எழுதும் முறையை அன்றே தொடங்கிவிடலாம்.