மேலாளரிடம் "முடியாது" என்று சொல்ல எத்தனை மாதச் செலவு கையில் வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 38. மென்பொருள் வேலை. பத்து நிமிடம் விசைப்பலகையைத் தொடவில்லை என்றால் கண்காணிப்புச் செயலி மேலாளருக்குத் தகவல் அனுப்பிவிடுகிறது. ஏஐ வந்தபின் குழுவில் எத்தனை பேர் மிஞ்சுவோம் என்று தெரியவில்லை. அரசியல் நிலவரமும் சரியில்லை, தேர்தலுக்கு முன் எல்லாவற்றையும் விற்றுத் தங்கமாக மாற்றிவிடு என்கிறார் நண்பர். மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் செய்ய முடிவெடுத்திருக்கிறேன். என் மாதச் செலவை 100 என்று வைத்து எழுதுகிறேன். கடன் தவணை 30 (இன்னும் 8 வருடம், அசல் பாக்கி 2,000). போன் தவணையும் சந்தாக்களும் 15. மற்ற செலவு 55. கைக்கு வரும் சம்பளம் 132. சேமிப்பு 6,000. அதில் 3,300 என் நிறுவனத்தின் பங்குகள், 1,800 மியூச்சுவல் ஃபண்ட், 900 வைப்பு நிதி. ஐந்து வருடச் செலவு கையில் இருக்கிறது. விடலாமா?

பதில்: விடலாம். ஆனால் மூன்று மாதத்தில் வேண்டாம், சுமார் ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் தொகை குறைவு என்பதால் இதைச் சொல்லவில்லை. அது இருக்கும் இடம்தான் சரியில்லை. ஐந்து வருடச் செலவு என்கிறீர்கள். நாளைக் காலையில் எடுத்துச் செலவு செய்யக்கூடியது ஒன்பது மாதம் மட்டுமே. பாதிக்கு மேல், நீங்கள் விட்டு ஓட நினைக்கும் அதே நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

முதலில் "100" என்ற எண்ணையே சரிபார்க்க வேண்டும். கடந்த 12 மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளைத் தேடுங்கள்: காப்பீட்டுப் பிரீமியம், வாகனப் பழுது, பல் வைத்தியம், ஊருக்குப் போய்வருவது. மனக்கணக்கில் இவை எப்போதும் விட்டுப்போகும். இத்துடன் இன்று நிறுவனம் உங்களுக்காகக் கட்டும் மருத்துவக் காப்பீடு, அலுவலக மடிக்கணினி, இணையக் கட்டணம் எல்லாம் நாளை உங்கள் தலையில் விழும். இவற்றுக்காக 12 சேர்த்து, செலவு 112 என்றே கணக்குப் போடுகிறேன். உங்கள் அறிக்கை வேறு எண்ணைக் காட்டினால் அதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் "ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்தால் வேலையே வேண்டாம்" என்று படித்திருப்பீர்கள். அதன் வேர் 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் வெளியிட்ட ஆய்வு. முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசி ஏறும் அளவுக்கு அதைக் கூட்டிக்கொண்டே போனால் பணம் 30 வருடம் தாங்குமா என்று பார்த்தார். அது அமெரிக்கச் சந்தையின் வரலாற்றை வைத்துப் போட்ட கணக்கு, ஓய்வு பெறும் வயதினருக்கான கணக்கு. உங்கள் பணம் 50 வருடம் தாங்க வேண்டும். அதற்கு 3.25 முதல் 3.5 சதவீதம் வரை எடுப்பதே நிதானம். அப்படியானால் 25 மடங்கு போதாது, 29 முதல் 31 மடங்கு வேண்டும். 30 மடங்கு என்றால் 360 மாதச் செலவு. உங்களிடம் இருப்பது அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

மடங்கை விட எனக்குக் கவலை தருவது, சந்தையின் ஏற்ற இறக்கங்கள் வரும் வரிசை. 100 வைத்திருக்கும் இரண்டு பேர், ஒவ்வொரு வருட முடிவிலும் 10 எடுக்கிறார்கள். முதலாமவருக்கு முதல் வருடம் 30 சதவீதம் இறக்கம், அடுத்து 10 ஏற்றம், மூன்றாவது 40 ஏற்றம். இரண்டாமவருக்கு அதே மூன்று எண்கள் தலைகீழாக வருகின்றன. யாரும் பணம் எடுக்கவில்லை என்றால் இருவர் கையிலும் 107.8 இருக்கும். எடுத்ததால் முதலாமவரிடம் 68.4, இரண்டாமவரிடம் 83.1. சராசரி வருமானம் ஒன்றுதான். வேலையை விட்ட முதல் வருடத்திலேயே சந்தை விழுந்தால், விலை இறங்கிய பங்குகளை விற்றுத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். விற்றுவிட்ட பங்கு, சந்தை திரும்ப ஏறும்போது உங்களிடம் இருக்காது. எனவே முதல் வருடச் செலவு பங்குகளில் இருக்கவே கூடாது.

ஆக, வேலையே செய்யாமல் வாழும் சுதந்திரம் இப்போதைக்கு இல்லை. பிடிக்காத வேலையை மறுக்கும் சுதந்திரம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை மாதக் கணக்கில்தான் அளக்க வேண்டும்.

நிறுவனப் பங்குகளை எடுத்துக்கொள்வோம். சம்பளமும் அங்கே, சேமிப்பில் 55 சதவீதமும் அங்கே. நிறுவனம் சரிந்தால் இரண்டும் ஒரே வாரத்தில் போகும். 2001-இல் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் திவாலானபோது, ஓய்வுக்கால சேமிப்பில் பெரும் பகுதியை அதே நிறுவனப் பங்கில் வைத்திருந்த ஊழியர்களுக்கு நடந்தது இதுதான். மொத்த சேமிப்பில் 10 சதவீதத்துக்கு மேல், அதாவது 600-க்கு மேல், ஒரே நிறுவனத்தில் வேண்டாம். 2,700-ஐ ஆறு சம பங்காக, முன்கூட்டியே குறித்த தேதிகளில், அன்றைய விலையைப் பாராமல் விற்றுவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் ஏறட்டும்" என்று காத்திருப்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு விஷயங்களை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊழியர்கள் பங்கு விற்க நிறுவனம் குறிப்பிட்ட காலங்களை மட்டும் அனுமதிக்கிறதா? விற்ற லாபத்துக்கு எவ்வளவு வரி? வரிப் பணத்தைத் தனியே ஒதுக்கிய பிறகுதான் மீதியை எண்ண வேண்டும். கீழே நான் எளிமைக்காக அதைக் கழிக்காமல் எழுதுகிறேன்.

அந்த 2,700-இல் 450-ஐ வைப்பு நிதியில் சேருங்கள், அது 1,350 ஆகும். 1,000-ஐக் கடன் அசலில் கட்டுங்கள். மிச்சம் 1,250 பரந்த சந்தைக் குறியீட்டு ஃபண்டுக்கு (சந்தையின் பல நிறுவனப் பங்குகளை மொத்தமாக வாங்கும் ஃபண்ட்) போகட்டும்.

கடனில் ஒரு நுணுக்கம் உண்டு. மொத்தமாக ஒரு தொகை கட்டும்போது, பல வங்கிகள் தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்துவிடும். வட்டிக் கணக்கில் லாபம் அதுதான். சம்பளத்தில் இருப்பவருக்கு நானும் அதையே சொல்வேன். உங்களுக்கு வேண்டியது மாதச் சுமை குறைவது. எனவே "காலம் அப்படியே இருக்கட்டும், தவணையைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். பாதி அசல் கட்டினால் தவணை 30-இலிருந்து 15 ஆகும். முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். வட்டி விகிதத்தைக் குறைக்க வேறு வங்கிக்கு மாறுவது, அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளக் கடன் வரம்பு வாங்கி வைப்பது எல்லாம் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே நடக்க வேண்டும். சொந்தமாகத் தொழில் செய்பவரிடம் வங்கிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடக் கணக்கு கேட்கும்.

சந்தா, போன் தவணை 15-ஐ 8-க்குக் கொண்டுவர முடியும் என்று நினைக்கிறேன். கார்டை முடக்கிப் புதிய எண் வாங்குவது ஒரு முரட்டு வைத்தியம்: எந்தச் சந்தா உண்மையில் வேண்டும் என்பது, அது நின்றுபோனதை எத்தனை நாளில் கவனிக்கிறீர்கள் என்பதில் தெரியும். வங்கி சில சந்தாக்களுக்குப் புதிய எண்ணைத் தானாகக் கொடுத்துவிடும், அதையும் பாருங்கள்.

இப்போது செலவு 112-இலிருந்து 90. கையிருப்பு 1,350. உங்கள் 100-இன்படி ஒன்பது மாதமாகவும், 112-இன்படி எட்டு மாதமாகவும் இருந்தது பதினைந்து மாதம் ஆகிவிட்டது. ஒரு காசு கூடுதலாகச் சம்பாதிக்கவில்லை.

ஃப்ரீலான்ஸில் பெரும்பாலோர் தவறுவது விலை சொல்வதில். வருடத்தில் வேலை நாள் 260. விடுப்பு, உடல்நலக் குறைவு எல்லாம் சேர்த்து 30 கழித்தால் 230. அதில் வாடிக்கையாளர் தேடுவது, விலை பேசுவது, கணக்கு எழுதுவது, பணத்துக்கு நினைவூட்டுவது போக, காசு தரும் நாள் 60 சதவீதம். அதாவது 138. உங்களுக்கு மாதம் 90 செலவு, 15 சேமிப்பு என்றால் வருடத்துக்கு 1,260. வரி விகிதம் தெளிவாகும் வரை வருமானத்தில் 30 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்பதால் 1,260-ஐ 0.7-ஆல் வகுங்கள்: 1,800. கருவி, மென்பொருள், கணக்காளர் செலவுக்கு 130. மொத்தம் 1,930. 138-ஆல் வகுத்தால் நாளுக்கு 14.

இன்றைய சம்பளத்தை 22 நாளால் வகுத்தால் நாளுக்கு 6. பலர் இந்த 6-ஐப் பார்த்துவிட்டு "8 கேட்டால் நல்ல லாபம்" என்று ஆரம்பித்து, ஒரு வருடத்தில் கையிருப்பைக் கரைத்துவிட்டுத் திரும்ப வேலை தேடுகிறார்கள். அந்த 15 சேமிப்பையும் விட்டுவிடாதீர்கள். விலைவாசிக்கு மேல் 4 சதவீதம் வளர்ந்தால் பணம் இரட்டிப்பாக 18 வருடம் ஆகும் (72-ஐ 4-ஆல் வகுப்பது). இருப்பதை வளரவிட்டால் போதும் என்று இருந்துவிட முடியாது.

முதல் பணம் எப்போது வரும்? மாதக் கடைசியில் இன்வாய்ஸ், 30 நாள் கெடு, அதற்கு மேல் இரண்டு மூன்று வாரம் இழுத்தடிப்பு. வாடிக்கையாளர் தயாராக இருந்தாலும் மூன்றாவது மாதம்தான். முன்பணம் மூன்றில் ஒரு பங்கு கேளுங்கள். தர மறுப்பவர் கடைசித் தொகையையும் தாமதிப்பார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஏஐ பற்றி: "என் வேலை போகுமா" என்ற கேள்வியை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது. கடந்த மாத வேலையை மணிக்கணக்கில் பிரித்துப் பாருங்கள். கருவி பாதி நேரத்தில் முடித்துவிடக்கூடிய பகுதிகளுக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கினால், வேகமாக முடிப்பதற்கு நீங்களே அபராதம் கட்டுகிறீர்கள். அவற்றுக்கு முடிவை வைத்து மொத்த விலை சொல்லுங்கள். கூடவே, ஒரே வாடிக்கையாளரிடமிருந்து 40 சதவீதத்துக்கு மேல் வருமானம் வந்தால் அவர்தான் உங்கள் புது மேலாளர். ஒரே தளத்தின் வழியாக எல்லா வேலையும் வந்தால், கணக்கு முடக்கப்பட்ட அன்று வருமானம் பூஜ்யம்.

தங்கம், தேர்தல் விஷயத்தில் உங்கள் நண்பரின் அரசியல் கணிப்பு சரியாகவே இருக்கலாம். கருத்து சரியாக இருப்பதும் அதில் பணம் கிடைப்பதும் வேறு வேறு. இணையம் உலகை மாற்றும் என்று 2000-இல் நம்பியவர்கள் சரியாகத்தான் நம்பினார்கள். தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த அமெரிக்கப் பங்குக் குறியீடான நாஸ்டாக் அந்த மார்ச்சில் 5,048-ஐத் தொட்டு, 2002 அக்டோபரில் 1,114-க்கு விழுந்து, பழைய உச்சத்தைத் தாண்ட 2015 ஏப்ரல் ஆனது. கருத்து சரி, கொடுத்த விலை தவறு. தேர்தல் பயமும் அப்படித்தான்: எல்லோருக்கும் தெரிந்த பயம் ஏற்கெனவே விலையில் ஏறியிருக்கும். மேலும், விற்று வெளியேறுபவர் இரண்டு முறை சரியாக இருக்க வேண்டும், வெளியேறும் நாளிலும் திரும்பி நுழையும் நாளிலும். ஆசை அடங்கவில்லை என்றால் சேமிப்பில் 5 சதவீதத்தை அதற்கென ஒதுக்கி, என்ன நடக்கும், எந்தத் தேதிக்குள் நடக்கும், நடக்காவிட்டால் என்ன செய்வேன் என்று தாளில் எழுதி வைத்துவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக, ராஜினாமாவுக்கு முன் செய்ய வேண்டியவை. வங்கியில் பதிவான கைப்பேசி எண் நிறுவனம் கொடுத்ததா என்று பாருங்கள். அப்படியானால் வேலையை விடும் நாளில் ஓடிபி அந்த எண்ணோடு போய்விடும், உங்கள் சொந்தப் பணத்துக்குள் நீங்களே நுழைய முடியாது. எண்ணையும் மின்னஞ்சலையும் இப்போதே மாற்றுங்கள். மருத்துவக் காப்பீட்டைச் சொந்தப் பெயரில் எடுத்து, அதன் காத்திருப்புக் காலத்தில் (சில நோய்களுக்குக் காப்பீடு பணம் தராத ஆரம்பக் காலம்) முடிந்த அளவை வேலையில் இருக்கும்போதே கழித்துவிடுங்கள். சொந்த வேலைக்கான ஒரு கோப்பைக்கூட அலுவலகக் கணினியில் திறக்காதீர்கள். கண்காணிப்பது ஒருபுறம் இருக்க, அங்கே எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தம் வேறு கதை சொல்லக்கூடும். போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யத் தடை, நோட்டீஸ் காலம் ஆகிய பிரிவுகளையும் அதே ஒப்பந்தத்தில் படியுங்கள். நிறுவனம் உங்களுக்குத் தவணை தவணையாகப் பங்கு தருகிறது என்றால், அடுத்த தவணைப் பங்குகள் உங்கள் பெயருக்கு வரும் தேதி எது என்று பார்த்து, நோட்டீஸ் கொடுத்தவருக்கும் அவை வருமா என்பதையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். வராது என்றால், ராஜினாமாக் கடிதத்தில் அதற்கு மறுநாள் தேதியைப் போடுங்கள்.