எச்சரிக்கைப் பட்டை என்ன சொல்கிறது? அலுவலக மின்னஞ்சல் பற்றிய கேள்வி பதில்

மண்ணடி, ராயபுரம் வட்டாரத்துச் சுங்கக் கிளியரிங் அலுவலகங்களுக்கும் மணலித் தொழிற்கூடங்களுக்கும் மின்னஞ்சல் அமைத்துப் பராமரிப்பது என் தொழில். சந்தேகமான மின்னஞ்சல்களின் தலையில் தோன்றும் எச்சரிக்கைகளைப் பற்றி நம் பகுதி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எங்கள் கிளியரிங் ஏஜென்சிக்கு வரும் எல்லா மின்னஞ்சலிலும் ‘எக்ஸ்டர்னல்’ என்று இருக்கிறது. கண் பழகிவிட்டது. இதனால் என்ன பயன்? (மண்ணடி)

கப்பல் நிறுவனம், இறக்குமதியாளர், கண்டெய்னர் கிடங்கு என்று உங்களுக்கு எழுதுகிறவர்கள் எல்லாரும் வெளியாட்கள்தான். ஆகவே அந்தச் சொல் வரத்தான் செய்யும். அனுப்பியவர் உங்கள் அலுவலக மின்னஞ்சல் அமைப்புக்குள் இல்லாதவர் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை.

வரக்கூடாத இடத்தில் வரும்போதுதான் அதற்கு மதிப்பு. முதலாளி பெயரில் ‘கூட்டத்தில் இருக்கிறேன், போன் செய்யாதே, இந்தத் தொகையை உடனே அனுப்பிவிடு’ என்று வந்து, மேலே ‘எக்ஸ்டர்னல்’ என்றும் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அவர் தம் சொந்த ஜிமெயிலிலிருந்து எழுதியிருக்கவும் கூடும். அதை அவரிடமே போனில் கேட்டுவிடுங்கள்.

மணலியிலுள்ள பழைய சப்ளையர், ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்கில் செலுத்துங்கள்’ என்று எழுதியிருக்கிறார். நாங்கள் மின்னஞ்சல் பார்க்கும் அவுட்லுக் மென்பொருளோ, ‘இந்த முகவரியிலிருந்து உங்களுக்கு அடிக்கடி மின்னஞ்சல் வருவதில்லை’ என்கிறது. வாரம் தவறாமல் எழுதுகிறவராயிற்றே? (திருவொற்றியூர், கணக்குப் பிரிவு)

பணத்தை அனுப்பாதீர்கள். வாரம் தவறாமல் எழுதுகிறவருக்கு அந்த வரி ஏன் வருகிறது என்பதுதான் இங்கே கேள்வி. நாம் பெயரைப் படிக்கிறோம். அவுட்லுக் முகவரியைப் பார்க்கிறது. பெயர் பழையது, முகவரி புதியது.

அவருடைய பழைய மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, இரண்டு முகவரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆங்கில ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நிற்கும். ‘எல்’ இடத்தில் 1 என்ற எண் இருக்கும். ‘டாட் இன்’ என்பது ‘டாட் கோ’ ஆகியிருக்கும். மாதக் கடைசியில் பில் குவிந்து கிடக்கும்போது இதெல்லாம் யார் கண்ணிலும் படாது. அதை நம்பித்தான் அனுப்புகிறார்கள்.

பிறகு சப்ளையருக்குப் போன் செய்யுங்கள். அந்த மின்னஞ்சலின் அடியில் உள்ள எண்ணுக்கு அல்ல. பழைய பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு. முகவரி அச்சு அசலாகப் பொருந்தினாலும் போன் செய்தே ஆக வேண்டும். சப்ளையரின் கடவுச்சொல்லே திருடு போயிருந்தால், திருடன் அவருடைய உண்மையான முகவரியிலிருந்தே எழுதுவான். அப்போது எந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம். வங்கிக் கணக்கு மாற்றத்தை மின்னஞ்சலை மட்டும் நம்பி ஏற்பதில்லை என்று உங்கள் முதலாளியிடம் சொல்லி ஒரு வழக்கமாகவே ஆக்கிவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் உங்கள் வங்கியையும் அந்த நிமிடமே அழையுங்கள். பணம் கை மாறுவதற்குள் அந்தக் கணக்கை முடக்கினால்தான் மீட்க வாய்ப்புண்டு.

ஜிமெயிலில் அனுப்பியவரின் படம் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி இருக்கிறதே? (தண்டையார்பேட்டை)

அந்த முகவரிக்காரர்தான் அனுப்பினார் என்று சரிபார்க்க முடியவில்லை என்று பொருள். இதற்கு மூன்று சோதனைகள் உண்டு. அந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) பெயரில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்வது எஸ்பிஎஃப். கடிதம் வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் மின்கையொப்பம் டிகேஐஎம். இவை தவறினால் என்ன செய்வது என்று டொமைன் உரிமையாளர் சொல்லிவைப்பது டிமார்க். நேர்மையான சிறு நிறுவனங்கள் பல இவற்றை அமைக்காமலே விட்டிருப்பதால் அவர்களுக்கும் கேள்விக்குறி விழுகிறது. உங்களுடையது எப்படி இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிமெயில் முகவரிகளுக்கு எழுதுகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் கேட்கிறது. நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம்.

மூன்றிலும் தேறிய மின்னஞ்சலும் மோசடியாக இருக்கலாம். துறைமுக வாயிலில் லாரியின் நுழைவுச்சீட்டு சரியாக இருந்தால் கண்டெய்னருக்குள் இருக்கும் சரக்கும் சரி என்று ஆகிவிடுமா? போலி டொமைனை முறையாகப் பதிவு செய்து, மூன்றையும் அமைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

‘இந்த மின்னஞ்சல் வைரஸ் சோதனை செய்யப்பட்டது, பாதுகாப்பானது’ என்று பச்சை நிறத்தில் இருந்தால் நம்பலாமா? (காசிமேடு, மீன் ஏற்றுமதி)

கூடாது. கடிதத்தின் உடலுக்குள் இருப்பது எதுவும் அனுப்பியவர் எழுதியதாக இருக்கலாம்; பச்சை வண்ணம் பூச யாராலும் முடியும். ஜிமெயில் தானாகக் காட்டும் மஞ்சள், சிவப்புப் பட்டைகள் கடிதத்துக்கு வெளியே, மேலே தோன்றும். சிவப்பு வந்தால் இணைப்பைத் தொடாதீர்கள். பட்டையை மறைப்பதற்காக ‘பாதுகாப்பானது’ பொத்தானை அழுத்தவும் வேண்டாம்.

‘பில் ஆஃப் லேடிங்’ (கப்பல் சரக்குச் சீட்டு) என்ற பெயரில் ஒரு ஜிப் ஃபைல் வந்திருக்கிறது. பூட்டியிருப்பதால் சோதிக்க முடியவில்லை என்கிறது. பாஸ்வேர்டு அதே மின்னஞ்சலில் இருக்கிறது. (ராயபுரம்)

பூட்டையும் சாவியையும் சேர்த்து அனுப்பினால் அது உங்களுக்கான பாதுகாப்பு அல்ல. வைரஸ் சோதனைக்குப் போட்ட தடை. திறக்க வேண்டாம். வங்கி அனுப்பும் பூட்டிய பிடிஎஃப்பில் பாஸ்வேர்டு பெரும்பாலும் உங்கள் பிறந்த தேதி போல உங்களுக்கே தெரிந்த ஒன்றாக இருக்கும்.

புதிதாகச் சேர்ந்த பையன் எச்சரிக்கையை மீறி லிங்கைத் தட்டிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டான். வேலை போய்விடும் என்று அழுகிறான். வெளியே சொல்லாமல் சமாளிக்கலாமா? (வியாசர்பாடி)

மறைக்கவே கூடாது. நிறுவனங்கள் இத்தகைய சைபர் சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 2022 ஏப்ரல் ஆணை சொல்கிறது. நிர்வாகத்திடம் நீங்களே அவனை அழைத்துச் செல்லுங்கள். வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, திறந்திருக்கும் எல்லா இடங்களிலிருந்தும் அந்தக் கணக்கை வெளியேற்றுங்கள். மின்னஞ்சல் அமைப்புகளில் ‘ஃபார்வர்டு’ விதி ஏதாவது புதிதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் உங்கள் கடிதங்கள் திருடனுக்குப் போய்க்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். பையனைத் திட்டாதீர்கள். எத்தனை மணிக்கு, எதைத் தட்டினான், எதையெல்லாம் கொடுத்தான் என்று அவன் பயமில்லாமல் சொன்னால்தான் மற்ற வேலைகள் நடக்கும்.