எட்டாம் வகுப்போடு நின்ற தகப்பன் பிள்ளைக்கு என்ன செய்யலாம்?

வணக்கம் அண்ணை,

நீங்கள் எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்கு வந்தவர். மகன் தரம் 10, கணிதப் புள்ளி தவணைக்குத் தவணை இறங்குகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் ஆசிரியர்கள். “அவனோடு என்ரை பிள்ளை எப்படி ஓடுவான்” என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது ரியூசனுக்கு நகையை அடகு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அடகு வைக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டுப் பின்னணி படிப்பில் தெரியாது என்று சொன்னால் அது பொய். 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் குழு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், பள்ளிக்கூட வசதிகளை விடப் பிள்ளையின் வீட்டுச் சூழல்தான் பெறுபேற்றோடு நெருங்கி நின்றது. எங்கள் இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். ஆனாலும் வித்தியாசம் போகவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 55 வீத இடங்களை மாவட்ட அடிப்படையிலும், 5 வீதத்தைப் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்குவது அதனால்தான். ஆனால் ஒரே ஒழுங்கையில் இருக்கும் ஆசிரியர் வீட்டுக்கும் தோட்டக்காரர் வீட்டுக்கும் இடையில் எந்த ஒதுக்கீடும் இல்லை. அந்த இடைவெளியை வீட்டில்தான் குறைக்க வேண்டும்.

அந்த ஆசிரியர் வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? புள்ளி குறைந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று தாய்க்குத் தெரியும், கேட்கக் கூச்சமும் இல்லை. என் பார்வையில் அந்தக் கூச்சமின்மைதான் பெரிய சொத்து. அதற்குப் பட்டம் தேவையில்லை.

பெற்றோரின் ஈடுபாடு பற்றிய பல ஆய்வுகளை 2001இல் ஃபான், சென் என்ற இருவர் சேர்த்துப் பார்த்தார்கள். பிள்ளை படித்து வருவான் என்று பெற்றோர் வைக்கும் எதிர்பார்ப்புக்குத்தான் பெறுபேற்றோடு கூடிய தொடர்பு இருந்தது. பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடத்தைக் கண்காணிப்பதற்கு மிகக் குறைந்த தொடர்பு. ஆகவே கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லையே என்று குமைய வேண்டாம்.

இன்றிரவு அவனுடைய கணிதக் கொப்பியை வாங்கித் திறந்து பாருங்கள். கணக்கு விளங்கத் தேவையில்லை. திகதிகளைப் பாருங்கள்: இடையில் ஒரு கிழமை விடுபட்டிருக்கிறதா? ஒரு கணக்குப் பாதியில் நிற்க, கீழே புதுத் தலைப்பு தொடங்குகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் கரும்பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறான், விளங்கவில்லை. ஆசிரியரின் சிவப்புப் பேனை கடைசியாக எந்தப் பக்கத்தில் பட்டிருக்கிறது? அந்தப் பக்கங்களை மடித்து வைத்துக்கொண்டு பாடசாலைக்குப் போங்கள். தேர்ச்சி அறிக்கையில் கையொப்பம் வைக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். “எந்த அலகில் பிழை விடுகிறான் ரீச்சர்?” என்று கேளுங்கள். நீங்கள் எத்தனையாம் வகுப்பு என்று யாரும் கேட்கப் போவதில்லை.

அப்புறம், உங்கள் தோட்டத்து வெங்காயக் கணக்கை அவனிடமே கொடுங்கள். எத்தனை அந்தர், கழிவு எத்தனை வீதம், கூலியும் மருந்தும் போக மிச்சம் என்ன. அடகுக்கு ஒரு வருடத்தில் எவ்வளவு வட்டி வரும் என்பதையும் அவனே பார்க்கட்டும். வீதமும் வட்டியும் அவனுடைய பாடத்திட்டத்தில் உள்ளவைதான். உங்களுக்குத் தெரிந்த தொழிலில் அவன் உங்களுக்கு உதவுகிறான் என்பது அவனுக்கும் ஒரு தெம்பு.

ரியூசனைப் பற்றி ஒரு சொல். பள்ளிக்கூடம் விட்டுவந்து இரண்டு வகுப்புக்கு ஓடுகிற பிள்ளை, தானாக இருந்து கணக்குச் செய்வது எப்போது? மூன்றாவதும் சேர்ந்தால் அந்த நேரமும் போய்விடும். கணிதத்துக்கு ஒன்று போதும். மற்றப் பொழுதில் கடந்தகால வினாத்தாள்களை நேரம் பார்த்துச் செய்யட்டும். அவன் செய்கிற அந்த நேரம் தொலைக்காட்சியும் போனும் ஓய்ந்திருக்க வேண்டும், உங்களுடையதும்தான்.

“அவனைப் பார்” என்று பக்கத்து வீட்டைக் காட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எதிர்பார்ப்பு வேறு, ஒப்பிடுவது வேறு. நீ செய்வாய் என்று நீங்கள் நம்புவது அவனுக்குத் தெரிய வேண்டும். அவனுக்கு வழியும் ஒன்றல்ல: உயர்தரத்தில் 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது; கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. எதில் அவனுக்கு விருப்பம் என்று ஒருநாள் தோட்டத்தில் வைத்து ஆறுதலாகக் கேளுங்கள்.

பாடசாலைக்குப் போய்வந்த பிறகு என்னிடம் வாருங்கள். போன தவணைக் கணித விடைத்தாளையும் கொண்டு வாருங்கள். மகனும் கூட வரட்டும்.