உப்பும் பி.பி.யும்: பினாங்கு மருந்தாளர் அக்காவின் பதில்கள்

பட்டர்வொர்த் வாசகர்: அக்கா, உப்பு கூடினால் பி.பி. ஏன் ஏறுகிறது?

சிறுநீரகத்தைக் கேட்க வேண்டிய கேள்வி. அது ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதிலுள்ள சோடியத்தில் 99 விழுக்காட்டுக்கு மேல் ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. மிச்சம்தான் சிறுநீரில் போகும். உப்பு கூடும்போது அந்த மிச்சமும் கூட வேண்டும். சிலருடைய சிறுநீரகம் இதில் சுணங்கும். சோடியம் தங்கும், கூடவே நீரும் தங்கும். அழுத்தம் ஏறினால்தான் தேங்கியது வெளியேறும். உப்பைத் தள்ள உடம்பு கொடுக்கும் விலைதான் அந்த பி.பி.

அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சோடியத்தைப் பிடித்துவைக்கும். உப்பு கூடினால் அது இறங்க வேண்டும், சிலருக்கு இறங்காது. மூன்று மருந்து சாப்பிட்டும் பி.பி. அடங்காதவர்கள், இதைச் சோதிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஜெலுத்தோங்: சமையலில் உப்பைப் பாதியாக்கியும் இறங்கவில்லையே?

கிச்சாப் (சோயா சாஸ்), பிளாச்சான் (இறால் விழுது), மேகி, கருவாடு எல்லாம் கணக்கில் உண்டா? ஒரு மேசைக்கரண்டி கிச்சாப் மாசினில் (உப்புச் சோயா சாஸ்) சுமார் 900 மில்லிகிராம் சோடியம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வதே 2000க்குள். நாசி கண்டார் கடையில் சோறு மூழ்கக் குழம்பு ஊற்றும் 'பஞ்சிர்' கேட்பதையும் விடுங்கள்.

ஆயர் ஈத்தாம்: இந்துப்புக்கு மாறலாமா?

அதுவும் சோடியம் குளோரைடுதான். நிறத்துக்குக் கூடுதல் காசு.

பிரை: தாத்தா தோட்டத்தில் கஞ்சியும் கருவாடுமாகத்தானே வாழ்ந்தார்? இந்த வெயிலில் வியர்வையிலேயே உப்பு போய்விடாதா?

பால் மரம் வெட்டியவரின் வியர்வையும் ஏர்கோன் அறையில் இருப்பவரின் வியர்வையும் ஒன்றா தம்பி? வெயிலுக்குப் பழகிய உடம்பு வியர்வையில் உப்பைக் குறைத்துவிடும். அதுவும் அல்டோஸ்டிரோன் வேலை. அப்புறம், தாத்தாவுக்கு பி.பி. யார் அளந்தார்கள்? 'திடீரென்று சாய்ந்துவிட்டார்' என்று சொல்லி முடித்தார்கள்.

பிரை: நான் கட்டுமான வேலை அக்கா, ஏர்கோன் இல்லை!

சரி, அப்படியானால் பாதி நியாயம் உங்கள் பக்கம். நீர் மாத்திரையும் (சிறுநீரைக் கூட்டும் பி.பி. மருந்து) போட்டுக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் நிற்பவருக்கு மயக்கமே வரலாம். அதை டாக்டரிடம் சொல்லி மாத்திரையைச் சரிசெய்யுங்கள். கருவாட்டுக்கு அது அனுமதி இல்லை.

சுங்கை டுவா: 'குறைந்த சோடியம்' உப்பு நல்லதா?

பொட்டாசியம் கலந்த உப்பு அது. 2021இல் வெளிவந்த சீன ஆய்வில் பக்கவாதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களும், பெரிண்டோபிரில், லோசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய பி.பி. மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும்.

பாயான் லெப்பாஸ்: இமயமலை பிங்க் உப்பு?

ஆயர் ஈத்தாமுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தஞ்சோங் தோக்கோங்: இந்துப்பு சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. இந்துப்புக் கேள்விக்கு இனி பதில் இல்லை.