போர்வெல் வண்டிக்காரர் பதில்கள்

கேள்வி: எங்கள் தாத்தாவுக்குக் கடைசிவரை வெள்ளைப் பல். எனக்கும் பரவாயில்லை. ஏழாவது படிக்கும் மகளுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கோடு. கிணறு வற்றி 15 வருடமாக 900 அடி போர்த் தண்ணீர்தான், அதையும் காய்ச்சித்தான் குடிக்கிறோம். கடைக்குட்டிக்கு மூன்று வயது. பயமாக இருக்கிறது.
(வாசகி, பாலக்கோடு)

தங்கச்சி, 22 வருடம் போர் வண்டியில் கம்பி இறக்கியவன் நான். ஒரு கம்பி 20 அடி. ஆரம்பத்தில் ஏழெட்டுக் கம்பியில் தண்ணீர் பீச்சும். கடைசிக் காலத்தில் 45 கம்பி இறக்கியும் சாம்பல் நிறத்தில் பாறைத் தூள்தான் பறந்தது. விடியற்காலையில் ஈரம் தட்டியதும் வீட்டுக்காரர் தேங்காய் உடைப்பார். நானும் கையில் ஏந்தி முதல் வாய் குடித்திருக்கிறேன். அதில் என்ன இருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ப்ளூரைடு, பல்லில் கறை ஏற்றுகிற உப்பு. நம் பக்கத்துக் கருங்கல்லிலேயே இருக்கிறது. தாத்தா காலத்துக் கிணற்றுக்கு ஏரியிலிருந்து புது மழைத் தண்ணீர் ஊறியது. ஏரிக்கு வந்த வாய்க்காலில் மனைக்கல் நட்டோம், தக்காளிக்கு இரவு பகலாக மோட்டார் ஓட்டினோம். மேல் தண்ணீர் தீர்ந்து, பாறை இடுக்கில் வருடக்கணக்காகக் கிடந்ததைத் தேடிப் போனோம். புளியை அரை மணி ஊறப்போடுவதற்கும் ராத்திரி முழுக்க ஊறப்போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

காய்ச்சினால் கிருமி சாகும், ப்ளூரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். துணியில் வடிகட்டினாலும் நிற்காது.

பல் ஈறுக்குள் உருவாகிற எட்டு வயது வரைதான் கறை ஏறும். மகளுக்கு ஏறியது தேய்த்தால் போகாது, பல் மருத்துவரிடம் மேல்பூச்சு போட்டு மறைக்கலாம். கடைக்குட்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பெரியவர்களும் அசட்டையாக இருக்காதீர்கள், அளவு மிஞ்சினால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, தருமபுரி குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 1.5-ஐத் தாண்டினால் குடிக்கக் கூடாது.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். உங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் வருகிறதா, தொட்டியில் போர்த் தண்ணீரைக் கலக்கிறார்களா என்று தண்ணீர் விடுகிறவரிடம் நேராகக் கேளுங்கள். குடிக்க மட்டுமல்ல, உலைக்கும் காவிரித் தண்ணீரையே வையுங்கள். சோறு தண்ணீரைக் குடித்துத்தானே வேகிறது! பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். துணி துவைக்க, மாடு கழுவ போர் போதும்.

கேள்வி: கெலவரப்பள்ளி அணையில் நுரை அடங்கிவிட்டால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமா?
(வாசகர், ஓசூர்)

இல்லை. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் சாக்கடையையும் சோப்புத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு வருகிறது. மதகில் விழுந்து காற்றோடு அடிபட்டால் நுரை. அடிபடாத இடத்தில் நுரை இருக்காது, கரைந்தது கரைந்தபடியே இருக்கும்.

கேள்வி: பழைய போர் வற்றிவிட்டது. பக்கத்திலேயே 1,200 அடிக்கு இன்னொன்று போடலாமா?
(வாசகர், பென்னாகரம்)

என் பழைய முதலாளி கேட்டால் உதைப்பார், ஆனாலும் சொல்கிறேன்: வேண்டாம். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. அதைக் குழாயில் இறக்கி, ஜல்லியும் மணலும் போட்ட குழி வழியாகப் பழைய போருக்குள் விடுங்கள். வயல் தண்ணீரை விடாதீர்கள், உரமும் மருந்தும் சேர்ந்து இறங்கிவிடும். எதைச் செய்வதற்கு முன்பும், இன்றைக்கே அந்தப் போரின் வாய்க்கு இரும்பு மூடி போடுங்கள். ஆறரை அங்குலம்தானே என்று விட்டுவிடாதீர்கள், குழந்தைகள் ஓடுகிற இடம்.